வாயில் வராத பேர்

அம்சத்துக்கு விடிந்ததிலிருந்தே இடது கண் துடித்துக்கொண்டிருந்தது. பெண்பிள்ளைக்கு இடது கண் துடித்தால் நல்லது என்பார்கள். நல்லதாவது ஒன்றாவது! கட்டினவரும் பெற்ற மகளும் ஒரே கூரைக்குக் கீழே ஆளுக்கொரு பக்கம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிகிற வீட்டில் எந்தக் கண் துடித்துத்தான் என்ன?

அவள் காளான் கொட்டகைக்குள் நின்று தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தாள். வெளியே பங்குனி வெயில் அதற்குள் உறைக்க ஆரம்பித்துவிட்டது. உள்ளே சுற்றிலும் ஈரச்சாக்கு தொங்கவிட்டு, தரையில் மணல் கொட்டி நனைத்து, ஐப்பசி மாதம் மாதிரி வைத்திருந்தாள். கயிற்றில் வரிசையாகத் தொங்கும் வைக்கோல் படுக்கைகளின் துளைகளிலிருந்து சிப்பிக்காளான் கொத்துக்கொத்தாக எட்டிப் பார்த்தது. நாளைக் காலையில் பறித்துவிடலாம்.

முதலில் போன வாரக் கதையைச் சொல்லிவிடுகிறேன். தஞ்சாவூரில் நாலைந்து கிளை போட்டிருக்கிற காய்கறிக் கடை ஒன்றிலிருந்து அனீஸா என்ற பெண் போன வாரம் மகள் கலைமகளின் நம்பருக்குப் போன் செய்திருந்தாள். ஏதோ கல்யாணப் பந்தியில் அம்சத்தின் காளானைச் சாப்பிட்டவர்கள் சொல்லிக் கேள்விப்பட்டாளாம். தினமும் வேண்டும் என்றாள். ஆனால் வெறும் பிளாஸ்டிக் பையில் முடிச்சுப் போட்டுக் கொடுத்தால் அவர்கள் கடையில் ஏற்றமாட்டார்கள். பண்ணைக்கு ஒரு பேர் வேண்டும், அந்தப் பேரில் லைசென்ஸ் வேண்டும், அந்தப் பேர் போட்ட கவர் வேண்டும். வெள்ளிக்கிழமை நேரில் வருவதாகச் சொல்லியிருந்தாள்.

இன்றைக்கு அந்த வெள்ளிக்கிழமை.

பேர் வைப்பது என்ன பெரிய பிரம்ம வித்தையா என்றுதான் அம்சம் நினைத்தாள். இரண்டு வருஷமாகப் பேரே இல்லாமல்தானே விற்றாள்? திருத்துறைப்பூண்டி கடைத்தெருவில் "அம்சத்தக்கா காளான் வந்துருச்சா?" என்று கேட்பார்கள். "அதையே வச்சிடலாம்மா. அம்சம் காளான். கேக்கவே நல்லாருக்கு" என்று கலைமகள் ஒற்றைக் காலில் நின்றாள். அவள் திருத்துறைப்பூண்டியில் தனியார் பள்ளிக்கூட டீச்சர். பேசினால் பாடம் நடத்துகிற மாதிரிதான் பேசுவாள். இன்றைக்கு இதற்காகவே லீவு போட்டிருந்தாள்.

அவளுடைய அப்பா மட்டும், "பார்ப்போம், பார்ப்போம்" என்று இழுத்துக்கொண்டே இருந்தார். இன்றைக்குக் காலையில் காப்பிகூடக் குடிக்காமல் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். எங்கே என்று சொல்லவில்லை. போகிறவரை எங்கே என்று கேட்கக்கூடாது என்று அம்சமும் கேட்கவில்லை.

வாசலில் வண்டிச் சத்தம் கேட்டது.

"கலை! ஏ அம்சம்! ரெண்டு பேரும் இங்க வாங்க!"

குரலில் அப்படி ஒரு உற்சாகம். அந்தக் குரலை அவள் கேட்டு எத்தனையோ நாளாகியிருந்தது. போன பொங்கலுக்கு முன்னால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு களத்தில் உட்கார்ந்தவரைத் தஞ்சாவூருக்குத் தூக்கிக்கொண்டு ஓடி, ரத்தக்குழாயில் ஸ்டென்ட் வைத்துக் கூட்டி வந்ததிலிருந்து மனிதர் பாதியாகிவிட்டார். அம்சம் ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு ஓடினாள்.

அவர் வாசலில் ஒரு ஃபிளக்ஸ் பேனரை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு நின்றார். ஆளை மறைக்கிற அளவுக்குப் பெரிது. சட்டமெல்லாம் அடித்துத் தயாராக இருந்தது. ஒரு பக்கம் அவருடைய படம், வெள்ளைச் சட்டை, முறுக்கின மீசை, கூப்பின கை. தேர்தலில் நிற்கிறாரோ என்று நினைக்கத் தோன்றும். இன்னொரு பக்கம் கூடை நிறையக் குண்டுகுண்டாக ஏதோ வெளிநாட்டுக் காளான். நடுவில் சிவப்பு எழுத்தில், 'தியாகராசன் காளான் பண்ணை'.

"எப்படி?" என்றார் தியாகராசன்.

"இது மொட்டுக் காளான்ப்பா. நம்மகிட்ட இருக்கிறது சிப்பி" என்றாள் கலைமகள்.

"காளான் காளான்தானே? கடைக்காரன் கம்ப்யூட்டர்ல அதான் இருந்துச்சு."

"படம் கெடக்கட்டும். பேரு என்னப்பா பேரு?"

"ஏன், என் பேருக்கு என்ன கேடு?"

பேருக்கு ஒரு கேடும் இல்லை. அதைச் சொல்லவேண்டியவளுக்குத்தான் கேடு. அம்சம் கல்யாணமாகி வந்த இருபத்தொன்பது வருஷத்தில் புருஷன் பேரை ஒரு தரம்கூட வாயால் சொன்னதில்லை. இந்தக் காலத்திலுமா என்று சிரிக்காதீர்கள். அவளுடைய அம்மா தாலி ஏறுகிற அன்றைக்குக் காலையில் காதோடு சொல்லி அனுப்பினது அது. புருஷன் பேரைச் சொன்னால் அவன் ஆயுசு குறையும். ரேஷன் கடையில் கேட்டால் கார்டை நீட்டிவிடுவாள். பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது அப்பா பேர் என்ன என்று கேட்டதற்குக் கலைமகளின் முதுகில் ஒரு குத்து விட்டாள், குழந்தை கத்திச் சொல்லிற்று. திருவாரூர்க் கோயிலுக்குப் போனால் அங்கேயும் அதே பேரில் சாமி! அவரையும் "தேர்ச் சாமி, தேர்ச் சாமி" என்றே கும்பிட்டுவிட்டு வருவாள். நெஞ்சுவலி வந்ததற்கு அப்புறம் கேட்கவே வேண்டாம், மனசுக்குள்ளேகூட அந்தப் பேரை நினைக்கப் பயந்தாள்.

"அம்மா உங்க பேரைச் சொல்ல மாட்டாங்கன்னு உங்களுக்குத் தெரியும்லப்பா?" என்றாள் கலைமகள். "சொந்தப் பண்ணை பேரை வாயைத் திறந்து சொல்ல முடியாதவங்க எப்படி வியாபாரம் பண்ணுவாங்க?"

தியாகராசன் ஒரு நொடி விழித்தார். அது அவருக்குத் தோன்றவே இல்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. அப்புறம் சமாளித்துக்கொண்டார். "அவ எதுக்குச் சொல்லணும்? நான் இருக்கேன்ல, நான் பேசிக்கறேன்."

"நாய்க்குடையை வித்துத் திங்கிற நிலைமையிலயா நான் உங்களை வச்சிருக்கேன்னு கேட்டது நீங்கதானேப்பா? இப்ப தஞ்சாவூர்க்காரங்க தேடி வந்ததும் அது உங்க பண்ணையா?"

"வாயை அடக்கிப் பேசுடி! வைக்கோல் யார் வயல்ல வந்துச்சு? கொட்டகை போட்டது யாரு? கரண்டு பில் யாரு பேர்ல வருது?"

"படுக்கை கட்டினது யாரு? வெந்நியில வைக்கோல் அவிச்சுக் கையெல்லாம் வெந்துபோச்சே, அது யாரு கை?"

"கலை, விடு" என்றாள் அம்சம்.

"பொண்டாட்டி பேர்ல போர்டு வச்சா ஊர்ல என்ன சொல்லுவான் தெரியுமா உனக்கு? நெஞ்சுவலி வந்து படுத்துட்டான், பொம்பளை சம்பாத்தியத்துல உக்காந்து திங்கறான்னு சொல்லுவான். உனக்கென்ன, பள்ளிக்கூடத்துக்குப் போயிடுவ. டீக்கடையில உக்காரப்போறவன் நான்."

கலைமகள் துணி வாளியைத் தூக்கிக்கொண்டு கொல்லைக்குப் போய்விட்டாள். அவர் சொன்னதில் பொய்யும் இல்லை, ஊர் அப்படித்தான் பேசும்.

பத்து மணி வாக்கில் கலைமகளின் போன் கூடத்தில் கிடந்து அடித்தது. மகள் கொல்லையில் கோபத்தைத் துணி மேல் காட்டித் துவைத்துக்கொண்டிருந்தாள். அம்சம் எடுத்தாள்.

"நான் அனீஸா பேசறேன். தஞ்சாவூர்லேர்ந்து கெளம்பிட்டேன். வழியில ரெண்டு பண்ணை பார்த்துட்டு, சாப்பாட்டு நேரம் தாண்டி அங்க வந்துருவேன். ஆபீஸ்ல பேர் கேக்கறாங்க. பண்ணைக்குப் பேர் முடிவாயிருச்சுங்களா?"

"ஆயிருச்சும்மா."

"சொல்லுங்க."

"அது... எங்க வீட்டுல அவங்க பேரு."

"எவங்க பேரு?"

"கலையோட அப்பா பேரு."

"சரிங்க, அவர் பேரு என்ன?"

"திருவாரூர்த் தேர்ல வருவாருல்ல... அந்தச் சாமி பேரு."

"எனக்கு அந்தச் சாமி பேர் தெரியாதுங்களே." அனீஸா பாவம், பொறுமையாகத்தான் கேட்டாள். "நீங்க அங்க வேலை செய்யறவங்களா? ஓனர் இருந்தா கொஞ்சம் குடுங்களேன்."

அம்சம் வாயைத் திறப்பதற்குள் பின்னாலிருந்து ஒரு கை வந்து போனை வாங்கிக்கொண்டது.

"ஓனர்தான் பேசறேன், சொல்லுங்க" என்றார் தியாகராசன்.

அப்புறம் அவர் தன் பேரை ஒவ்வொரு எழுத்தாக நிறுத்திச் சொன்னதும், "ஆமாமா, என் பண்ணைதான்" என்று சிரித்ததும் அம்சத்தின் காதில் விழுந்தது. அவள் அடுப்படிக்குப் போய் உலையில் அரிசியைப் போட்டாள். யார் மேல் கோபம் என்று அவளுக்கே தெரியவில்லை. அவர் மேலா, அந்தப் பெண் மேலா, கேட்ட கேள்விக்கு ஊமையாக நின்ற தன் மேலேயா?

மத்தியானம் இலையில் சாதம் போட்டுவிட்டு, சாம்பாரை ஊற்றும்போது மெதுவாகப் பேச்சை எடுத்தாள்.

"ஏங்க, யாரு பேரும் வேண்டாம். குலதெய்வம் பேரை வச்சிடலாமா? அங்காளம்மன்னு?"

"அறிவிருக்கா? கவரைக் கிழிச்சுக் குப்பையில போடுவான். சாமி பேரு சாக்கடையில கெடக்கும். அந்தப் பாவத்தை யாரு சுமக்கிறது?"

"அப்ப உங்க மூஞ்சி போட்ட கவரு சாக்கடையில கெடந்தாப் பரவாயில்லையாப்பா?" என்றாள் கலைமகள், இலையிலிருந்து தலையைத் தூக்காமல்.

வேறு நாளாக இருந்தால் அம்சம் சிரித்திருப்பாள். தியாகராசன் சாதத்தைப் பிசைந்த கையை அப்படியே நிறுத்திவிட்டார். திட்டப்போகிறார் என்று நினைத்தாள். அவர் திட்டவில்லை.

"ஒரு தடவையாவது என் பேரு ஒரு போர்டுல இருக்கட்டுமே, அம்சம்" என்றார்.

அவ்வளவுதான்.

அந்தக் கதை அவளுக்குத் தெரியாததா? வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் நிற்கிற ரைஸ் மில் அவர் அப்பா கட்டினது. மூத்த பிள்ளை பேரில் 'ராஜராஜன் மாடர்ன் ரைஸ் மில்' என்று போர்டு வைத்தார். இளைய பிள்ளை தியாகராசன் அதில் மாடாக உழைத்தார். நெல் அவித்தார், மூட்டை தூக்கினார், தவிட்டுத் தூசியில் இருமி இருமித் தூங்கினார். அப்பா கண்ணை மூடின மறு மாதம் பங்கு கேட்டபோது அண்ணன் சொன்னது ஒரே ஒரு வார்த்தை. "போர்டுல யாரு பேரு இருக்குன்னு போய்ப் பாருடா." அன்றைக்குத் தோளில் கிடந்த துண்டை உதறிவிட்டு வந்தவர் பதினோரு வருஷமாக அந்த மில் வாசலை மிதிக்கவில்லை. அண்ணன் வீட்டுக் கல்யாணத்துக்குக்கூடப் போகவில்லை.

அம்சம் மோர்ச் செம்பைக் கீழே வைத்தாள். "சரிங்க. உங்க பேரே இருக்கட்டும்."

"அம்மா!" என்று கத்திவிட்டுக் கலைமகள் பாதிச் சாப்பாட்டில் எழுந்து போய்விட்டாள். தியாகராசன் மறுசோறு போட்டுக்கொண்டார். நெஞ்சுவலிக்கு அப்புறம் அவர் மறுசோறு கேட்டது அதுதான் முதல் தடவை. போகட்டும், மனிதர் வயிறாரச் சாப்பிடட்டும் என்று அம்சம் மனசைத் தேற்றிக்கொண்டாள். பேர் என்ன சோறா போடப்போகிறது?

அனீஸா வந்து இறங்கினபோது வெயில் கொஞ்சம் தாழ்ந்திருந்தது. முப்பது வயசுக்குள்தான் இருக்கும், தலையைச் சுற்றித் துப்பட்டா, கையில் டேப்லெட். வாசலில் கட்டியிருந்த ஃபிளக்ஸைப் பார்த்துவிட்டு, "சிப்பின்னு சொன்னாங்களே, மொட்டுக் காளானா போடறீங்க?" என்று கேட்டாள்.

"எல்லாம் போடலாம்" என்றார் தியாகராசன்.

அம்சத்துக்குத் திக்கென்றது. மொட்டுக் காளானுக்குக் குளிர் அறை வேண்டும், மிஷின் வேண்டும். இந்தக் கீற்றுக் கொட்டகையில் எங்கே போட? ஆனாலும் வாயைத் திறக்கவில்லை. நான் பேசிக்கறேன் என்று சொல்லியிருக்கிறாரே.

கொட்டகைக்குள் மூன்று பேரும் நுழைந்தார்கள். கலைமகள் வாசற்படியிலேயே கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். அனீஸா ஒரு கொத்தைத் தொட்டுப் பார்த்து, மோந்து பார்த்து, "நல்லாருக்குங்க" என்றாள். அப்புறம் அம்சத்தின் பக்கம் திரும்பி, "நீங்க?" என்றாள்.

"அவ என் சம்சாரம். எனக்குக் கொஞ்சம் ஒத்தாசையா இருப்பா" என்றார் தியாகராசன்.

ஒத்தாசை!

வேளாண் பயிற்சிக்கு பஸ் ஏறிப் போனவள், முதல் தடவை போட்ட படுக்கையெல்லாம் பச்சைப் பூசணம் பிடித்து அழுகினபோது யாருக்கும் தெரியாமல் அதைக் குழி தோண்டிப் புதைத்துவிட்டு அழுதவள், பண்டிகை நாளில்கூடத் தண்ணீர் தெளிக்காமல் வாயில் பண்டம் வைக்காதவள், அவள் ஒத்தாசை. அம்சத்தின் காது மடல் சூடாகிற்று. கலைமகள் அங்கிருந்தே அம்மாவை முறைத்தாள். சொல்லேன், வாயைத் திறந்து சொல்லேன் என்கிற முறைப்பு.

"அந்தப் பக்கம் மூடியிருக்கே, அங்க என்ன?" என்று கேட்டாள் அனீஸா.

"வாங்க, தொறந்து காட்டறேன்." தியாகராசன் இருட்டறையின் கொண்டியில் கை வைத்தார்.

"தொறக்காதீங்க!"

அம்சத்துக்கே தன் குரல் புதிதாகக் கேட்டது. அந்த அறையில்தான் புதிதாக வித்துப் போட்ட படுக்கைகள் இருக்கின்றன. வைக்கோலில் வெள்ளையாகப் பூத்துப் பரவி முடிகிற வரைக்கும் வெளிச்சம் ஆகாது, வெளிக்காற்று ஆகாது. இப்போது திறந்துவைத்தால் அடுத்த மாதத்து விளைச்சல் மொத்தமும் பூசணம் பிடித்துப் போனாலும் போகும்.

"ஒரு நிமிஷம் பார்த்துட்டு மூடிடப்போறோம்" என்றார் அவர்.

"வேண்டாங்க. பூசணம் பிடிச்சுரும்."

"விருந்தாளி முன்னால என்னடி இது? என் கொட்டகையை நான் தொறக்கறதுக்கு உன்னைக் கேக்கணுமா?"

கொண்டி பாதி விலகிவிட்டது. அம்சம் போய்க் கதவுக்கு முன்னால் நின்றாள். அவர் கை அவள் தோளில் பட்டது. தள்ளவில்லை, ஆனால் எடுக்கவும் இல்லை. இரண்டு பேரும் மூச்சு வாங்க நின்றார்கள்.

அனீஸாவுக்குச் சங்கடமாகப் போய்விட்டது. ஆனால் வேலைக்காக வந்தவள், அவளும்தான் என்ன செய்வாள்? "எனக்கு ஒரு ஆளா பதில் சொல்லுங்க. நாளைக்குச் சரக்குல ஏதாவதுன்னா யார்கிட்ட பேசணும்னு எனக்குத் தெரியணும். லைசென்ஸ்ல ஒரு பேர் ஏறிட்டா அவங்கதான் எங்களுக்கு எல்லாம். நீங்க சொல்லுங்கம்மா, போன்ல அவர் சொன்ன மாதிரி, பண்ணை தியாகராசன்ங்கிறவருதுதானே?"

ஒரு நொடிதான். அந்த ஒரு நொடியில் அம்சத்துக்கு இலையில் மறுசோறு வாங்கின முகமும் நினைவுக்கு வந்தது, தோளில் கிடந்த கையின் கனமும் தெரிந்தது.

"தியாகராசன்ங்கிறவருது இல்ல" என்றாள். "என்னுது. என் பேரு அம்சம்."

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கு உறைத்தது. உடம்பெல்லாம் குப்பென்று வேர்த்தது. கண் நேராகப் போய் அவர் நெஞ்சில் நின்றது. சட்டைப் பொத்தான் ஏறி இறங்குகிறதா? இறங்குகிறது. ஏறுகிறது. தேர்ச் சாமி, நீதான் காப்பாத்தணும்.

அனீஸாவுக்கு அங்கே என்ன நடந்தது என்று தெரிய நியாயமில்லை. ஒரு அம்மா தன் பேரைச் சொன்னாள், அவ்வளவுதான் அவளுக்கு. "அப்ப பேரு அம்சம் காளான்னே போட்டுக்கறேன். மொட்டுக் காளான் கிடையாது, சிப்பி மட்டும்தான், சரிங்களா?" என்றாள்.

"சிப்பி மட்டும்தாம்மா. அதை ஒழுங்காத் தருவேன்."

"போதுங்க. லைசென்ஸுக்கு நானே இன்னிக்கு எழுதிப் போட்டுடறேன், கவர் மட்டும் அடிச்சு வச்சிருங்க. நாளைக்குக் காலையில வண்டி வரும்." டேப்லெட்டில் ஏதோ தட்டிக்கொண்டே அனீஸா வெளியே போனாள். கலைமகள் அவளை வழியனுப்பக் கூடவே போனாள்.

தியாகராசன் கொண்டியை அவரே திரும்பவும் போட்டார். அப்புறம் கையைத் தொங்கவிட்டுக்கொண்டு நின்றார்.

"இருபத்தொம்பது வருஷத்துல ஒரே ஒரு தடவை என் பேரைச் சொன்ன" என்றார். "அதுவும் இல்லைன்னு சொல்றதுக்கு."

சத்தம் போட்டிருந்தால் அவளும் சத்தம் போட்டிருப்பாள். இந்தக் குரலுக்கு என்ன செய்வாள்? அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஆனாலும் சொல்லவேண்டியதைச் சொன்னாள்.

"உங்க அண்ணன் உங்களுக்குச் செஞ்சதைத்தானேங்க நீங்க எனக்குச் செஞ்சீங்க? நீங்கதானே சொல்லிச் சொல்லி அழுவீங்க, பேரு போனா எல்லாம் போச்சுன்னு?"

அவர் முகம் இருண்டுவிட்டது. அதைச் சொல்லியிருக்கக் கூடாதோ என்று அவளுக்கு உடனே தோன்றிற்று. சொன்னது நிஜம்தான், அதனால்தான் அப்படிப் போய்க் குத்திற்று.

அவர் வெளியே போனார். ஃபிளக்ஸை அவரே அவிழ்த்தார், சட்டத்திலிருந்து பிய்த்துச் சுருட்டினார், தூணோரமாகச் சாத்தி வைத்தார். வண்டிச் சாவியை எடுத்தார். அம்சம் பின்னாலேயே வாசல் வரைக்கும் ஓடினாள்.

"போயிட்டு வாங்க" என்றாள். வேறு என்ன சொல்வது என்று தெரியவில்லை.

"போறேன்" என்றார் அவர்.

வர்றேன் என்று சொல்லவில்லை. கொல்லைக்குப் போகிறவர்கூட இந்த வீட்டில் போறேன் என்று சொன்னதில்லை. கலைமகளும் அதைக் கேட்டாள். அவ்வளவு நேரம் இருந்த வீராப்பெல்லாம் போய் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"மெயின் ரோட்டுக்குப் போகலம்மா" என்றாள், தெருமுனையைப் பார்த்தபடியே. "வாய்க்கால் பாலத்துல திரும்பறாரு. பெரியப்பா மில்லுப் பக்கம்."

"அங்கயா? இருக்காதுடி."

"நானே பார்த்தேன்மா."

இரண்டு பேருக்கும் அதற்கப்புறம் வேலை ஓடவில்லை. அம்சம் விளக்கை ஏற்றினாள். கொட்டகைக்குப் போய்த் தண்ணீர் தெளித்தாள். இருட்டறைக் கதவை நாலு தரம் இழுத்துப் பார்த்தாள். அச்சகத்துக்குப் போன் போட்டுப் பேர் சொல்லட்டுமா என்று கலைமகள் தயங்கித் தயங்கிக் கேட்டதற்கு, "சொல்லு. காலையில வண்டி வருதுல்ல" என்றாள். கை வேலை செய்ததே ஒழிய மனசு பாலத்தடியிலேயே நின்றது. அந்த மனிதர் பதினோரு வருஷ வைராக்கியத்தை ஒரு சாயங்காலத்தில் விட்டுவிட்டுப் போகிறார் என்றால் எவ்வளவு அடிபட்டிருக்க வேண்டும்?

பொழுது சாய்கிற நேரத்தில் போன் அடித்தது. பெரியப்பா நம்பர். கலைமகள் எடுக்கப் போனாள். அதற்குள் அம்சம் பாய்ந்து எடுத்தாள். அவருக்கு ஏதாவது ஆகிவிட்டதோ? என் வாயாலேயே ஆகிவிட்டதோ?

"அம்சமா? ராஜராஜன் பேசறேன். தியாகு இங்கதான் இருக்கான்."

"நல்லா இருக்காங்களா, மாமா?"

"இருக்கான், இருக்கான். ஒண்ணு சொல்லத்தான் கூப்பிட்டேன். நீ கொட்டகை போட்டிருக்கியே பின்மனை, அது இன்னும் அண்ணன் தம்பி எங்க ரெண்டு பேரு கூட்டுப் பட்டாவுலதான் இருக்கு. தெரியும்ல? நாளைக்குக் காலையில சர்வேயரை அழைச்சுக்கிட்டு வர்றோம். அளந்து பிரிச்சுக்கறோம். உன் பண்டத்தையெல்லாம் எடுத்து வச்சிரு."

வர்றோம் என்றார். வர்றேன் என்று சொல்லவில்லை. அண்ணனும் தம்பியும் இப்போது 'நாங்கள்' ஆகிவிட்டார்கள். அம்சம் தூணைப் பிடித்துக்கொண்டாள்.

"என்னம்மா சத்தத்தைக் காணும்? காதுல விழுந்துச்சா?"

இந்த மூத்தார் முன்னால் அவள் இதுவரை நிமிர்ந்து நின்றதுகூட இல்லை. கல்யாணம், கருமாதி எதுவானாலும் கதவுக்குப் பின்னால்தான் நிற்பாள். கலைமகள், "நான் பேசறேன், குடும்மா" என்று கையை நீட்டினாள். அம்சம் தலையை ஆட்டி மறுத்தாள்.

"விழுந்துச்சு மாமா. வாங்க. ஆனா காலையில எனக்குப் பறிப்பு இருக்கு. பறிச்சு, நிறுத்து, தஞ்சாவூர் வண்டியில ஏத்தி அனுப்பிட்டுத்தான் கொட்டகைக்குள்ள ஆளை விடுவேன். அதுவரைக்கும் யாரா இருந்தாலும் வாசல்லதான் நிக்கணும்."

போனில் பின்னால் யாரோ இருமினார்கள். தவிட்டுத் தூசி பட்டால் வருகிற இருமல். அந்த இருமல் யாருடையது என்று அவளுக்குத் தெரியாதா? போனை ஸ்பீக்கரில் போட்டு வைத்திருக்கிறார்கள், கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்.

அம்சம் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"மாமா, பக்கத்துல இருக்கிறவங்ககிட்ட ஒண்ணு சொல்லுங்க. அவங்க நெஞ்சு மாத்திரை இங்க அலமாரியில இருக்கு. ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னால போட்டே ஆகணும். யாரையும் அனுப்ப வேண்டாம், நானும் குடுத்தனுப்ப மாட்டேன். அவங்களே வந்து வாங்கிக்கச் சொல்லுங்க."

பதிலுக்குக் காத்திராமல் போனை வைத்தாள். சோற்றை இறக்கி வைத்துவிட்டு, வாசல் விளக்கைப் போட்டுவிட்டு, மாத்திரை டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்தாள்.